வீட்டுக் கணக்கெல்லாம் உங்கள் போனில்: டெல்டா இளைஞர்களுக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால், வீட்டு வேலைகளில் பாதி அந்தப் பிள்ளையின் போனில்தான் நடக்கிறது. பிஎம் கிசான் பதிவைப் புதுப்பிக்க வரும் ஓடிபி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் ஏறிய எஸ்எம்எஸ், அம்மாவின் மகளிர் உரிமைத் தொகை, குழுக் கடன் தவணை, சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பும் பணம், கேஸ் புக்கிங் எல்லாம் அதே போனில். இன்ஸ்டாகிராமும் டெலிகிராமும் அதே போனில்தான்.

நகரத்தில் தனியாக இருக்கும் ஒருவரின் போன் மாட்டிக்கொண்டால் போவது அவருடைய சம்பளம். இங்கே போவது சம்பா அறுவடையில் வந்த மொத்தப் பணமும். இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அதனால்தான் நம் வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 1 முதல் 5 வரை உள்ள படிகளை, வங்கிக்குப் போகும் வேலையைத் தவிர, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். அதற்கப்புறம் வருபவை பழக்கங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகும்.

1. போனில் யாருடைய கணக்கெல்லாம் இருக்கிறது?

ஒரு தாளை எடுங்கள். எந்தெந்த வங்கிக் கணக்கு எந்த செல் நம்பரோடு இணைந்திருக்கிறது, அந்த சிம் யார் பெயரில் யார் போனில் இருக்கிறது, ஆதாரில் எந்த நம்பர், எந்த ஜிமெயில், யார் யாருக்கு உங்கள் போன் லாக் தெரியும் என்று எழுதுங்கள். எழுதும்போதே பல வீடுகளில் விஷயம் புரிந்துவிடும். அப்பா கணக்கு, அம்மா கணக்கு, தாத்தாவின் பென்ஷன் எல்லாமே ஒரே நம்பரில் இருக்கும். அந்த நம்பர் ரீல்ஸ் பார்க்கிற போனில் இருக்கும்.

என் முதல் பரிந்துரை பழைய காலத்து யோசனை போலத் தோன்றலாம். குடும்பத்தின் பெரிய தொகை இருக்கிற வங்கிக் கணக்கின் நம்பரை அப்பாவின் பட்டன் போனில் உள்ள சிம்முக்கு மாற்றிவிடுங்கள். பட்டன் போனில் திருட்டு ஆப் எதுவும் ஏறாது, லிங்கைத் தட்ட முடியாது, ஓடிபியை யாரும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. வங்கிக் கிளைக்கு நேரில் போய் நம்பர் மாற்றும் படிவம் கொடுத்தால் போதும். உங்கள் யூபிஐ கணக்கில் தினசரிச் செலவுக்கான தொகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ ஆப்பிலோ உங்கள் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் 9 சிம் வரை அனுமதி. கல்லூரி வாசலிலும் பேருந்து நிலையத்திலும் குடை போட்டு சிம் விற்பவர்கள் "ரேகை சரியா விழல, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி நீங்கள் இரண்டாவது முறை விரல் வைத்திருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம் உங்கள் பெயரில் உயிர்பெற்று, யாரோ ஒரு மோசடிக்காரர் கையில் இருக்கலாம். பட்டியலில் தெரியாத நம்பர் இருந்தால் 'இது என்னுடையது இல்லை' என்று அங்கேயே குறிக்கலாம். அப்பா அம்மா பெயருக்கும் பார்த்துவிடுங்கள்.

2. போனைப் பூட்டுவது

ஸ்கிரீன் லாக் எல்லோரும் வைத்திருக்கிறோம். ஆனால் பூட்டிய திரையிலேயே ஓடிபி எஸ்எம்எஸ் முழுதாகத் தெரிந்தால் பூட்டி என்ன பயன்? நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் போய், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள்.

சிம்முக்கும் தனியாக ஒரு பின் நம்பர் போடலாம். போன் திருடுபோனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்குவதை இது தடுக்கும். சிம்மின் பழைய பின் நம்பர் தெரியாவிட்டால் ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். சிம் நிறுவனத்தின் கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்தப் படியில் மிக முக்கியமானது ஏபிகே. பிளே ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் நேரடியாக வரும் ஆப் கோப்புதான் ஏபிகே. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான் பட்டியல், வங்கி கேஒய்சி என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். பெரும்பாலும் தெரிந்த ஒருவரின் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். தட்டி நிறுவினால் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபியெல்லாம் அவர்களுக்கும் போகும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், ஆப்பாக வராது. பிஎம் கிசானில் வருடத்துக்கு 6000 ரூபாய், 2000 வீதம் மூன்று தவணை. அதற்காக யாரும் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்புவதில்லை.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம் எல்லாவற்றுக்கும் அந்த அனுமதியை அணைத்துவிடுங்கள். அம்மா போனிலும் அணைத்துவிடுங்கள். தவறித் தட்டினாலும் ஏறாது.

ஏற்கெனவே ஏபிகே ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஜிமெயில், இன்ஸ்டா பாஸ்வேர்டுகளையும் வேறு போனிலிருந்தே மாற்றுங்கள், அந்தப் போனில் மாற்றினால் புதியதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.

போனே தொலைந்துவிட்டால் போலீசில் புகார் கொடுத்து, அந்த நகலோடு சஞ்சார் சாத்தியில் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். அதனால் ஐஎம்இஐ எண்ணை இன்றைக்கே தாளில் எழுதி வையுங்கள். டயலரில் *#06# அடித்தால் வரும்.

3. ஜிமெயில்

இன்ஸ்டா பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டுக்கான லிங்க் எங்கே போகிறது? ஜிமெயிலுக்கு. ஜிமெயில் கையில் இருந்தால் மற்றதெல்லாம் கைக்கு வரும். ஆனாலும் பலருடைய ஜிமெயில் பாஸ்வேர்டு ஒன்பதாம் வகுப்பில் பிரௌசிங் சென்டர் அண்ணன் போட்டுக் கொடுத்ததாகவே இன்னும் இருக்கிறது.

குலதெய்வத்தின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பாஸ்வேர்டு நம் ஊரில் மிகச் சாதாரணம். உங்களைத் தெரிந்தவர்களுக்கு அதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள். ஜிமெயிலுக்கு வைத்ததை வேறு எங்கேயும் வைக்காதீர்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள். கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து, பிரௌசிங் சென்டர் கணினி, பழைய போன், நண்பனின் லேப்டாப் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள்.

4. வாட்ஸ்அப்

செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்' போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். ஆறு இலக்கப் பின் நம்பர் கேட்கும். மீட்பு மின்னஞ்சலையும் கொடுங்கள். அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள். தெரியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். விடுதியில் போனை ஐந்து நிமிடம் யாரிடமாவது கொடுத்தால் போதும், க்யூஆர் ஸ்கேன் செய்து உங்கள் அரட்டை முழுவதையும் அவர்கள் லேப்டாப்பில் திறந்துவிடலாம். காதலித்துப் பிரிந்தவர்களிடையே இது நடக்கிறது.

வாட்ஸ்அப் கணக்கு பறிபோவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கூடப் படிக்கும் தோழியின் நம்பரிலிருந்து செய்தி வரும்: "ஒரு போட்டியில இருக்கேன்டி, ஓட்டுப் போடு. உனக்கு ஒரு கோடு வரும், அதை அனுப்பு." அந்தக் கோடு உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பதற்கான ஆறு இலக்க எண். அனுப்பினால் உங்கள் கணக்கு போகும், உங்கள் பெயரில் உங்கள் சித்தப்பாவிடம் "அவசரமா ஐயாயிரம் வேணும்" என்று செய்தி போகும். செய்தி யாரிடமிருந்து வந்தாலும் கோடை அனுப்பாதீர்கள், அவரையே அழைத்துக் கேளுங்கள்.

பறிபோய்விட்டால் உடனே உங்கள் நம்பரிலேயே வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைப் போட்டதுமே மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் டூ ஸ்டெப் பின் போட்டு வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அவரும் உள்ளே இருக்க மாட்டார். அதற்குள் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

'பிரைவசி' பகுதியில் குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். பங்குச்சந்தை டிப்ஸ் குரூப்பில் தெரியாதவர் உங்களைத் தள்ளிவிடுவது நிற்கும்.

5. இன்ஸ்டாகிராம்

அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'பாஸ்வேர்டு அண்ட் செக்யூரிட்டி' போனால் இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்கலாம்: டூ ஃபாக்டர், எங்கெல்லாம் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல். ஃபாலோயர்ஸ் ஏற்றித் தருகிறோம், புளூ டிக் வாங்கித் தருகிறோம், உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று காட்டுகிறோம் என்று சொல்லும் ஆப்களுக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 'காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் மூடப்படும்' என்று வரும் டிஎம் இன்ஸ்டாவை நடத்தும் மெட்டாவிலிருந்து வருவதில்லை. இன்ஸ்டா உங்களுக்குச் சமீபத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் அதே செக்யூரிட்டி பகுதியில் இருக்கிறது. அங்கே இல்லாத மின்னஞ்சல் பொய்.

6. எதைப் போடுகிறோம், எப்போது போடுகிறோம்

இங்கே எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. நம் பக்கத்தில் ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள், அதனால் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மயிலாடுதுறையில் போடும் ஸ்டோரியை ஊர்க்காரர் மட்டும் பார்ப்பதில்லை.

திருவாரூர் ஆழித்தேர் அன்று குடும்பத்தோடு நின்று லைவ் போட்டால், வீடு பூட்டிக்கிடக்கிறது என்று எல்லோருக்கும் அறிவித்தது போலத்தான். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போனாலும் அப்படியே. திரும்பி வந்து போடுங்கள். படம் ஒன்றும் கெட்டுப்போகாது. கல்யாணத்துக்கு முந்தைய நாள் நகைகளைப் பரப்பி வைத்து எடுக்கும் ரீல் வேண்டவே வேண்டாம்.

ஹால் டிக்கெட், கல்லூரி அடையாள அட்டை, கொள்முதல் ரசீது, பாஸ்புக் முதல் பக்கம், புது வண்டியின் ஆர்சி, விமான டிக்கெட் இவற்றையெல்லாம் சந்தோஷத்தில் ஸ்டேட்டஸில் போடுகிறோம். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கிறது. மோசடிக்காரர் போன் செய்யும்போது உங்கள் பெயர், அப்பா பெயர், கல்லூரி, பாடப்பிரிவு எல்லாம் சொல்லி "உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று பேசுவார். இத்தனை விவரம் தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா நம்பிவிடுவார். அந்த விவரங்களை வெளியே விட்டது பல நேரம் நம் வீட்டு ஸ்டேட்டஸ்தான். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது, அதை வாங்க எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை.

ஆதார் நகல் எங்காவது கொடுக்க வேண்டியிருந்தால், ஆதார் ஆணையமான யூஐடிஏஐயின் தளத்தில் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் எடுத்துக் கொடுக்கலாம். ஆதாரின் விரல்ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை விழாது, போகும் முன் திறக்க வேண்டும். வயதானவர்களுக்கு இது அலைச்சலாகலாம், வீட்டு நிலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

இரவு நேரம் பற்றி ஒரு வார்த்தை. படுத்துக்கொண்டு பன்னிரண்டு, ஒரு மணி வரை ரீல்ஸ் தள்ளும்போதுதான் யோசிக்காமல் தட்டுகிறோம், தெரியாத ரெக்வஸ்டை ஏற்கிறோம், தெரியாத வீடியோ காலை எடுக்கிறோம். போன் செட்டிங்ஸில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங்கில் நேர வரம்பு போடுங்கள், போனைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள்.

7. பணம்

யூபிஐ பின் போடுவது பணம் கொடுக்கவும் கணக்கில் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்குப் பின் போட வேண்டியதே இல்லை. பழைய பைக், வைக்கோல், மாடு, எதையாவது ஆன்லைனில் விற்கும்போது "மிலிட்டரியில இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்று பேசுபவர்கள் இதைத்தான் குழப்புவார்கள்.

கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸ், கேலரி அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிற்பாடு தவணைக்காக உங்கள் மாமாவுக்கும் பேராசிரியருக்கும் உங்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டப் பயன்படுவது அந்த இரண்டு அனுமதிகள்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. டெலிகிராமில் இன்னும் அழைப்பு வந்தால் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது, போன பணம் போனதுதான்.

புயல் வெள்ளக் காலத்தில் ஊர் குரூப்புகளில் சுற்றும் நன்கொடை க்யூஆர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். உதவ மனமிருந்தால் தெரிந்த ஆள் கையில் கொடுங்கள், இல்லை முதலமைச்சர் நிவாரண நிதியின் அதிகாரபூர்வத் தளத்தில் செலுத்துங்கள்.

8. வேலை என்ற பெயரில்

டெல்டாவில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். அதைத் தெரிந்துகொண்டுதான் வலை விரிக்கிறார்கள். மூன்று வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது டாஸ்க் வேலை. ஹோட்டலுக்கு ரிவியூ போட்டால் 150 ரூபாய் என்று டெலிகிராமில் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே பணம் வரும். அப்புறம் "பிரீமியம் டாஸ்க், 2000 கட்டினால் 2800" என்பார்கள், அதுவும் வரும். மூன்றாவதாக இருபதாயிரம் கட்டியதும் நின்றுவிடும். எடுக்க வரி கட்டு, அபராதம் கட்டு என்று நீளும். இன்னொன்றும் உண்டு. முதலில் உங்களுக்கு வந்த அந்தச் சிறு தொகை வேறொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் உங்கள் கணக்கு முடங்கும்.

இரண்டாவது கணக்கு வாடகை. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். "உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் கொடு, மாசம் அஞ்சாயிரம் தரேன்" என்று கல்லூரி சீனியரே கேட்பார். மோசடிப் பணத்தைக் கடத்த அந்தக் கணக்கு பயன்படும். பணம் போன தடத்தில் போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு வைத்திருப்பவர் வீட்டு வாசலில். ராஜஸ்தானிலோ தெலங்கானாவிலோ பதிவான வழக்குக்கு இங்கிருந்து அலைய வேண்டிவரும். அரசு வேலை, பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது நிற்கும். வரப்பில் நண்டு வளை போல, கொடுக்கும்போது சின்னதாகத்தான் தெரியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே வங்கிக்குப் போய்க் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தெரியாத பணம் ஏறியிருந்தால் எடுக்காமல் வங்கிக்கும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது வெளிநாடு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம் என்று இன்ஸ்டா விளம்பரத்தில் ஆரம்பித்து, எல்லை தாண்டி மியான்மாரின் மியாவாடிப் பகுதிக்கும் கம்போடியாவுக்கும் லாவோஸுக்கும் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி வேலையைச் செய்யவைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த அக்டோபரில் மியான்மாரிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தார்கள். போகும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. விசிட் விசாவில் வேலைக்கு அழைத்தால் போகாதீர்கள். சந்தேகம் கேட்க, மாட்டிக்கொண்டால் உதவி கேட்க, வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090.

9. படத்தைக் காட்டி மிரட்டினால்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாத பெண் பெயரில் ரெக்வஸ்ட் வரும், நாலு நாள் பேச்சு, அப்புறம் வீடியோ கால். எடுத்த சில நொடிகளில் திரையைப் பதிவு செய்து, உங்கள் ஃபாலோயர்ஸ் பட்டியலோடு அனுப்பி, "அரை மணி நேரத்துல பத்தாயிரம் அனுப்பு, இல்லன்னா உன் அக்காவுக்கு அனுப்புவேன்" என்பார்கள். பெண்களுக்கு வேறு விதம்: டிபி படத்தை எடுத்து ஏஐ ஆப்பில் ஆபாசமாக மாற்றுவது, பழைய காதலன் வைத்திருக்கும் படம், ஃபேக் ஐடி.

அவர்கள் பயன்படுத்துவது நம் ஊரின் பேச்சைத்தான். தெருவில் என்ன சொல்வார்கள், அக்கா கல்யாணம் நின்றுவிடுமோ, அப்பா தலை நிமிர்ந்து நடப்பாரா என்ற பயம். அந்தப் பயத்தில் தனியாகப் பணம் அனுப்பியவர்கள், உயிரையே விட்டவர்கள் உண்டு. மிரட்டப்படுகிறவர் குற்றவாளி இல்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. மிரட்டுபவர் மீது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67ஏ பிரிவுகள் எல்லாம் பாயும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

பணம் அனுப்பாதீர்கள். ஒரு முறை அனுப்பினால், அனுப்பக்கூடியவர் என்று தெரிந்துகொண்டு மேலும் கேட்பார்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தாலும் இந்த நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

அரட்டையை அழிக்காதீர்கள். அவமானத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான், ஆனால் அதுதான் ஆதாரம். அவருடைய யூசர்நேம், புரொஃபைல் லிங்க், செல் நம்பர், யூபிஐ ஐடி, மிரட்டிய செய்தி எல்லாவற்றையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்த பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணுங்கள். உங்கள் பக்கத்தைச் சில நாள் பிரைவேட்டாகவோ முடக்கியோ வையுங்கள்.

ஒருவரிடமாவது சொல்லுங்கள். "அப்பா, ஒண்ணு சொல்லணும், முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்று ஆரம்பிக்கலாம். அப்பாவிடம் முடியாதென்றால் சித்தி, மாமா, அக்கா, ஒரு ஆசிரியர். இதைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொல்லும் அன்றைக்குப் போனைப் பிடுங்காதீர்கள், படிப்பை நிறுத்துவேன் என்று சொல்லாதீர்கள். அடுத்த பிள்ளை சொல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

படம் பரவாமல் தடுக்க 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு அடையாள எண் உருவாகி, அந்த எண் மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்த எண்ணை வைத்து அவர்கள் கண்டுபிடித்து நீக்கலாம். 18க்குக் கீழே இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளம் இதே வேலையைச் செய்கிறது. வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்புவதை இவை தடுக்காது. தளங்களுக்கும் பொறுப்பு உண்டு: 2021இல் வந்த விதிகள், அந்தரங்கப் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கச் சொல்லின, 2026இல் அந்த நேரம் 2 மணியாகக் குறைக்கப்பட்டது.

புகாருக்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். வழக்கு நடக்க வேண்டுமென்றால் பெயரோடு பதிவதே நல்லது. நேரில் போக வேண்டுமானால் மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. மனம் தாங்காத இரவில் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

10. பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு 1930. சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ அழைக்கும் முன்பே. மோசடிப் பணம் ஒரு கணக்கில் நிற்காது, நிமிடங்களில் நாலைந்து கணக்குக்குப் பிரிந்து ஏடிஎம்மில் எடுக்கப்படும். 1930இல் சொன்னால் அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், எங்கே நிற்கிறதோ அங்கே பணத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், நேரம், தொகை, உங்கள் வங்கி, பணம் போன யூபிஐ ஐடி கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள்.

இரண்டாவது, வங்கி. கார்டு, யூபிஐ, நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறில் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையது அல்ல. ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்களுடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அதனால்தான் தெரிவித்த நேரத்துக்குச் சான்று முக்கியம். கிளை மூடியிருந்தால் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

"போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கமிஷன் மட்டும் கொடுங்கள்" என்று சில நாளில் ஒரு அழைப்பு வரும். அதுவும் மோசடியே. முன்பு ஏமாற்றியவர்களிடமிருந்து உங்கள் நம்பர் அவர்களுக்குப் போயிருக்கும். பணத்தைத் திரும்பப் பெறும் வழி வங்கியும் காவல் நிலையமும் நீதிமன்றமும் மட்டுமே. வேறு கணக்கில் நிறுத்தப்பட்ட தொகையை உங்களிடம் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். 1930இல் கொடுத்த ஒப்புகை எண்ணையும் வங்கிப் பாஸ்புக் நகலையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு நேரில் போய், தொகை எந்த வங்கியில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். அதன் பிறகு, தேவைப்பட்டால் நீதிமன்ற மனு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.